சட்டக இழுவை

சட்டக இழுவை என்பது, சுழலும் பொருளொன்று தன்னைச் சூழ்ந்துள்ள காலவெளியைத் தன் சுழற்சித் திசையில் சிறிதளவு இழுத்துச் செல்லும் விளைவாகும். இது ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டிலிருந்து பெறப்படும் முடிவுகளுள் ஒன்று. ஆஸ்திரிய இயற்பியலாளர்களான ஜோசப் லென்ஸ், ஹான்ஸ் திர்ரிங் ஆகிய இருவரும் 1918 ஆம் ஆண்டில் இதனைக் கணித முறையில் வருவித்தமையால் இது லென்ஸ்-திர்ரிங் விளைவு என்றும் அழைக்கப்படுகிறது.

நியூட்டனின் ஈர்ப்பு விதியில் ஒரு பொருளின் நிறையும் அந்நிறை பரவியுள்ள விதமும் மட்டுமே ஈர்ப்பைத் தீர்மானிக்கின்றன. முழுமையான கோளவடிவப் பொருளொன்று சுழன்றாலும் சுழலாமல் நின்றாலும் அதன் ஈர்ப்பில் வேறுபாடு இராது. பொதுச் சார்புக் கோட்பாட்டின்படி நிறையும் ஆற்றலும் மட்டுமன்றி அவற்றின் ஓட்டமும் காலவெளியின் வடிவத்தைப் பாதிக்கின்றது. ஆகவே சுழலும் கோளமும் சுழலாத கோளமும் ஒரே நிறையும் ஒரே ஆரமும் கொண்டிருந்தாலும் அவற்றைச் சுற்றியுள்ள காலவெளி ஒன்றாக இருப்பதில்லை.

பூமியின் அருகே இவ்விளைவு மிக மிகச் சிறியது. இதனை நேரடியாக அளந்தறிய, கோட்பாடு உருவாகி ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கும் மேலாயின. ஆனால் வேகமாகச் சுழலும் கருந்துளையின் அருகே இதுவே முதன்மையான விளைவாகி விடுகிறது.

பெயர்

இங்குச் சட்டகம் என்பது நிலைமச் சட்டகத்தைக் குறிக்கும். வெளிவிசை எதுவும் செயல்படாத பொருள் நேர்கோட்டில் சீரான வேகத்துடன் செல்வதாகத் தோன்றும் நோக்கீட்டு அமைப்பே நிலைமச் சட்டகம் ஆகும். உராய்வின்றி ஏந்தப்பட்ட சுழல்காட்டி (ஜைரோஸ்கோப்) ஒன்றின் அச்சு, நிலைமச் சட்டகத்தில் திசை மாறாமல் நிற்கும். இதனால் ஓரிடத்தின் நிலைமச் சட்டகம் எவ்வாறு உள்ளது என்பதை அறியச் சுழல்காட்டி ஒரு திசைகாட்டி போலப் பயன்படுகிறது. சுழலும் பொருளின் அருகே இத்தகைய சுழல்காட்டியின் அச்சு, தொலைவிலுள்ள விண்மீன்களைச் சார்ந்து மெல்லத் திரும்புகிறது. சுழல்காட்டியின்மீது எந்த முறுக்குவிசையும் செயல்படவில்லை. அவ்விடத்தின் நிலைமச் சட்டகமே திரும்புகிறது. "சட்டக இழுவை" என்னும் பெயர் இதனாலேயே ஏற்பட்டது.

பின்னணி

நியூட்டன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிபியா நூலில் நீர் நிறைந்த வாளி ஒன்றைப் பற்றிய சோதனையை விவரித்தார். கயிற்றில் தொங்கும் வாளியைச் சுழலவிட்டால், சிறிது நேரத்தில் நீரும் உடன் சுழன்று, அதன் மேற்பரப்பு நடுவில் குழிந்தும் ஓரத்தில் உயர்ந்தும் காணப்படும். நீர் எதனைச் சார்ந்து சுழல்வதால் இக்குழிவு உண்டாகிறது என்பதே கேள்வி. வாளியைச் சார்ந்து என்று கூற இயலாது. குழிவு உள்ளபோது நீரும் வாளியும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. எதனாலும் மாறாத தனி வெளி ஒன்று உண்டு என்றும், அதனைச் சார்ந்த சுழற்சியே குழிவுக்குக் காரணம் என்றும் நியூட்டன் முடிவு செய்தார்.

எர்ன்ஸ்ட் மாக் 1883 இல் வெளியிட்ட இயந்திரவியல் நூலில் இம்முடிவை மறுத்தார். நீர் சுழல்வது அண்டத்திலுள்ள ஏனைய பொருள்களைச் சார்ந்தே என்பது அவர் கருத்து. வாளியின் சுவர் பல கல் தொலைவு தடிமனாக இருப்பின் என்ன நேரும் என்பதை யாரும் கூற இயலாது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். மாக்கின் கருத்து சரியெனில், மிகப் பெரிய நிறை ஒன்றைச் சுழற்றினால் அருகிலுள்ள பொருள்களின் நிலைமச் சட்டகமும் சிறிதளவாவது உடன் திரும்ப வேண்டும்.

இதனைச் சோதிக்க ஃபிரீட்லாண்டர் சகோதரர்கள் உலோகத் தகடு உருட்டும் ஆலையின் கனமான சமன்சக்கரத்தின் அருகே முறுக்குத் தராசை வைத்துப் பார்த்து, 1896 இல் தமது ஆய்வை வெளியிட்டனர். அகஸ்ட் ஃபெப்பல் 1904 இல் சுழல்காட்டி ஒன்றைக் கொண்டு பூமியின் சுழற்சியை அளந்து, அதில் இழுவையின் தடயம் உள்ளதா என ஆராய்ந்தார். இரண்டிலும் எதுவும் புலப்படவில்லை. ஃபெப்பலின் கருவி சுமார் 2 விழுக்காடு துல்லியம் கொண்டது, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. இன்றைய கணக்கின்படி, பூமியின் துருவத்தில் நிலைமச் சட்டகம் பூமியின் சுழற்சி வேகத்தில் சுமார் 200 கோடியில் ஒரு பங்கு வேகத்திலேயே இழுக்கப்படுகிறது. தேடியது சரியான பொருளே. கருவியின் துல்லியம் நான்கு கோடி மடங்கு போதாதிருந்தது.

ஐன்ஸ்டைன் தம் கோட்பாட்டை உருவாக்கும்போது மாக்கின் கருத்தால் பெரிதும் ஈர்க்கப்பட்டிருந்தார். 1915 இல் பொதுச் சார்புக் கோட்பாடு நிறைவுற்ற பின், 1918 இல் திர்ரிங் சுழலும் உள்ளீடற்ற கோளக்கூடு ஒன்றின் உட்புறத்தை ஆராய்ந்தார். கூட்டினுள் நிலைமச் சட்டகம் கூட்டின் சுழற்சித் திசையில் சிறிதளவு இழுக்கப்படுவதை அவர் கண்டார். அதே ஆண்டில் லென்ஸுடன் இணைந்து, சுழலும் கோளத்தின் வெளிப்புறத்தில் கோள்களின் பாதையிலும் துணைக்கோள்களின் பாதையிலும் உண்டாகும் மாற்றத்தைக் கணக்கிட்டார். 1966 இல் பிரில், கோஹன் ஆகியோர், கூட்டின் ஆரம் அதன் நிறைக்குரிய சுவார்ட்ஸ்சில்டு ஆரத்தை நெருங்கும்போது உட்புறச் சட்டகம் முழுமையாகக் கூட்டுடன் சுழலும் எனக் காட்டினர். மாக் எண்ணிப் பார்த்த தடித்த வாளிக்கு இது ஒரு விடையாக அமைந்தது.

விளக்கம்

சட்டக இழுவையை விளக்க இரண்டு ஒப்புமைகள் கூறப்படுவதுண்டு.

முதலாவது, தேன் போன்ற பிசுபிசுப்பான நீர்மத்தில் சுழலும் பந்து. பந்தை ஒட்டிய நீர்மம் உடன் சுழலும். தொலைவு கூடக்கூட அச்சுழற்சி குறையும். நீர்மத்தில் மிதக்கும் சிறு துரும்பு பந்தைச் சுற்றி இழுத்துச் செல்லப்படும். பந்தின் நடுக்கோட்டுக்கு அருகே உள்ள துரும்பின் ஒரு முனை பந்துக்கு அண்மையிலும் மறுமுனை சற்றுத் தொலைவிலும் இருப்பதால், அண்மை முனை மிகுதியாக இழுக்கப்பட்டு, துரும்பு பந்தின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். துருவத்துக்கு மேலுள்ள துரும்போ பந்தின் திசையிலேயே சுற்றும். சுழல்காட்டியும் இவ்வாறே துருவங்களுக்கு மேல் பூமியின் சுழற்சித் திசையிலும், நிலநடுக்கோட்டுக்கு மேல் எதிர்த்திசையிலும் திரும்புகிறது. எனினும் இவ்வொப்புமை முழுமையானதன்று. காலவெளிக்கு உராய்வோ பிசுபிசுப்போ இல்லை. சட்டக இழுவையினால் பூமியின் சுழற்சி தளர்வதும் இல்லை.

இரண்டாவது ஒப்புமை மின்காந்தவியலிலிருந்து பெறப்படுவது. நிலையான மின்னூட்டம் மின்புலத்தை மட்டுமே உண்டாக்கும். மின்னூட்டம் இயங்கினால் காந்தப்புலமும் தோன்றும். அதுபோலவே நிலையான நிறை வழக்கமான ஈர்ப்பை உண்டாக்க, நிறையின் ஓட்டம் மற்றொரு புலத்தை உண்டாக்குகிறது. இது ஈர்ப்புக்காந்தப் புலம் எனப்படும். பெயரில் காந்தம் இருப்பினும் இதற்கும் உண்மையான காந்தவியலுக்கும் தொடர்பில்லை; சமன்பாடுகளின் வடிவ ஒற்றுமையே இப்பெயருக்குக் காரணம்.

சுற்றுப்பாதைத் தளத்தின் திருப்பம்

துணைக்கோள் ஒன்றின் சுற்றுப்பாதைத் தளம், பூமியின் நிலநடுக்கோட்டுத் தளத்தை வெட்டும் புள்ளிகள் கணுக்கள் எனப்படும். சட்டக இழுவையினால் சுற்றுப்பாதைத் தளம் பூமியின் சுழற்சித் திசையில் மெல்லத் திரும்புவதால் கணுக்கள் இடம் பெயர்கின்றன. வட்டப்பாதைக்கு இப்பெயர்ச்சியின் கோண வேகத்தைப் பின்வருமாறு பெறலாம்: ஈர்ப்பு மாறிலியையும் பூமியின் கோண உந்தத்தையும் பெருக்கி, அதனை இரட்டித்து, ஒளிவேகத்தின் இருபடியாலும் சுற்றுப்பாதை ஆரத்தின் முப்படியாலும் வகுக்க வேண்டும்.

ஒளிவேகத்தின் இருபடி வகுக்கும் எண்ணாக அமைவதே விளைவு இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம். பூமியின் மையத்திலிருந்து சுமார் 12,270 கிலோமீட்டர் ஆரத்தில் சுற்றும் துணைக்கோளுக்கு இக்கணக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 31 மில்லி வில்நொடி என்னும் விடையைத் தருகிறது. ஒரு பாகையில் 3,600 வில்நொடிகள் உள்ளன; அதில் ஒரு வில்நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி வில்நொடி. நீள அளவில் இது ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர் ஆகும். ஆரத்தின் முப்படியும் வகுக்கும் எண்ணாக இருப்பதால், 7,820 கிலோமீட்டர் ஆரத்தில் சுற்றும் துணைக்கோளுக்கு இதே பெயர்ச்சி ஆண்டுக்கு 118 மில்லி வில்நொடியாக உயர்கிறது.

சூரியனின் சுழற்சியும் புதன் கோளின் பாதையை இவ்வாறு பாதிக்கிறது. ஆனால் அதன் அளவு நூற்றாண்டுக்குச் சுமார் 0.002 வில்நொடி மட்டுமே. சூரியனின் நிறையால் உண்டாகும் புகழ்பெற்ற 43 வில்நொடிப் பெயர்ச்சியுடன் ஒப்பிட இது புறக்கணிக்கத்தக்கது.

டி சிட்டர் விளைவுடன் வேறுபாடு

சுழல்காட்டியின் அச்சைத் திருப்பும் மற்றொரு சார்பியல் விளைவும் உண்டு. வில்லெம் டி சிட்டர் 1916 இல் கண்டறிந்த இது, நிறையினால் வளைந்த காலவெளியில் சுழல்காட்டி பயணம் செய்வதால் உண்டாகிறது. இதற்கு மைய நிறை சுழல வேண்டிய தேவை இல்லை. பூமியைத் தாழ்ந்த பாதையில் சுற்றும் சுழல்காட்டிக்கு டி சிட்டர் விளைவு ஆண்டுக்குச் சுமார் 6.6 வில்நொடி, சட்டக இழுவையோ அதில் ஏறத்தாழ 170 இல் ஒரு பங்கு. துணைக்கோளைத் துருவங்களுக்கு மேலாகச் செல்லும் பாதையில் வைத்தால் இவ்விரு திருப்பங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அமையும். எனவே அவற்றைப் பிரித்தறியலாம்.

சுழலும் கருந்துளைகள்

லென்ஸும் திர்ரிங்கும் பெற்ற முடிவு, ஈர்ப்பு வலுக்குறைந்த இடங்களுக்கு மட்டுமே பொருந்தும் தோராயமாகும். சுழலும் கருந்துளைக்கான துல்லியமான தீர்வை நியூசிலாந்துக் கணிதவியலாளர் ராய் கெர் 1963 இல் கண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983 இல் வெளியிட்ட கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய நூலில் கெர் தீர்வை மிக விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கெர் கருந்துளையின் நிகழ்வெல்லைக்கு வெளியே எர்கோ மண்டலம் என்னும் பகுதி உள்ளது. இப்பகுதியில் சட்டக இழுவை மிக வலுவானதாக இருப்பதால், எவ்வளவு ஆற்றல் வாய்ந்த விண்கலமும் தொலைவு விண்மீன்களைச் சார்ந்து அசையாமல் நிற்க இயலாது. ஒளி உட்பட அனைத்தும் கருந்துளையின் சுழற்சித் திசையில் செல்ல வேண்டும். எனினும் இப்பகுதி நிகழ்வெல்லைக்கு வெளியே இருப்பதால் இதிலிருந்து தப்பி வெளியேறுவது இயலும்.

ரோஜர் பென்ரோஸ் 1969 இல், இம்மண்டலத்தினுள் புகும் துகள் இரண்டாகப் பிளந்து, ஒரு பகுதி கருந்துளையினுள் விழ, மறுபகுதி முன்பிருந்ததைவிட மிகுந்த ஆற்றலுடன் வெளியேற இயலும் எனக் காட்டினார். அந்த மிகுதி ஆற்றல் கருந்துளையின் சுழற்சியிலிருந்து பெறப்படுகிறது. கோட்பாட்டளவில், மிக வேகமாகச் சுழலும் கருந்துளையின் நிறை ஆற்றலில் 29 விழுக்காடு வரை இவ்வாறு பெறலாம். பிளாண்ட்ஃபோர்டு, ஸ்னாஜெக் ஆகியோர் 1977 இல், காந்தப்புலத்தின் துணையுடன் இச்சுழற்சி ஆற்றல் வெளிப்படும் முறையொன்றை முன்வைத்தனர். பெருங்கருந்துளைகளிலிருந்து பாயும் தாரைகளை விளக்க இம்முறை பயன்படுகிறது.

சுழற்சி, கருந்துளையைச் சுற்றும் வளிமத்தையும் பாதிக்கிறது. சுழலாத கருந்துளையில் விழும் பருப்பொருள், உறுதியான கடைசிச் சுற்றுப்பாதையை அடைவதற்குள் தன் நிறை ஆற்றலில் சுமார் 6 விழுக்காட்டை வெளிவிடும். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையுடன் ஒரே திசையில் சுற்றும் பருப்பொருளுக்கு இது 42 விழுக்காடு வரை உயரக்கூடும். ஐதரசன் அணுக்கரு இணைவில் வெளிப்படுவது 1 விழுக்காட்டுக்கும் குறைவே.

அளவீடுகள்

லேஜியோஸ் துணைக்கோள்கள்

லேஜியோஸ் 1976 இலும் லேஜியோஸ் 2 1992 இலும் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் விட்டமும் 400 கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த நிறையும் கொண்ட உலோகக் கோளமாகும். இவற்றில் எந்த மின்கருவியும் இல்லை. ஒளியை வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் 426 பட்டகங்கள் ஒவ்வொன்றின் பரப்பிலும் பதிக்கப்பட்டுள்ளன. தரையிலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு துணைக்கோளின் தொலைவு சென்டிமீட்டர் அளவிலோ அதனினும் நுட்பமாகவோ அறியப்படுகிறது.

இங்குள்ள இடர்ப்பாடு தொலைவை அளப்பதில் இல்லை. பூமி முழுமையான கோளம் அன்று. நடுவில் சற்றுப் புடைத்துள்ளது. இப்புடைப்பினால் மட்டும் லேஜியோஸின் கணு ஆண்டுக்குச் சுமார் 126 பாகை பெயர்கிறது. தேடப்படும் 31 மில்லி வில்நொடியைப் போல இது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மடங்கு. பூமியின் வடிவத்தைப் பற்றிய அறிவில் உள்ள மிகச் சிறு பிழையும் சட்டக இழுவையை மறைத்துவிடும்.

2002 இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைத் துணைக்கோள்கள் பூமியின் ஈர்ப்புப் புலத்தை முன்னில்லாத துல்லியத்துடன் வரைந்தன. அவ்வரைபடத்தைப் பயன்படுத்தி, இரு லேஜியோஸ்களின் கணுக்களையும் இணைத்து ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர் இக்னாசியோ சியுஃபோலினியும் எரிக்கோஸ் பாவ்லிஸும், கோட்பாடு கூறும் அளவில் 99 விழுக்காடு கிடைத்ததாக 2004 இல் அறிவித்தனர். பிழை 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கலாம் என அவர்கள் மதிப்பிட்டனர்.

கிராவிட்டி புரோப் பி

சுழல்காட்டியைக் கொண்டு நேரடியாக அளக்கும் திட்டத்தை ஜார்ஜ் பியூ 1959 இலும் லியோனார்டு ஷிஃப் 1960 இலும் தனித்தனியே முன்மொழிந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நாசாவும் உருவாக்கிய கிராவிட்டி புரோப் பி துணைக்கோள் 2004 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. முன்மொழிவுக்கும் ஏவுதலுக்கும் இடையே 44 ஆண்டுகள் கடந்தன. ஷிஃப் 1971 இலேயே மறைந்துவிட்டார். திட்டத்தை ஃபிரான்சிஸ் எவரிட் வழிநடத்தினார்.

சுமார் 642 கிலோமீட்டர் உயரத்தில் துருவப் பாதையில் சுற்றிய இத்துணைக்கோளில், மேசைப்பந்து அளவுள்ள நான்கு குவார்ட்ஸ் கோளங்கள் சுழல்காட்டிகளாக அமைந்தன. அவற்றைப் பூமியின் அளவுக்குப் பெருக்கினால் மிக உயர்ந்த மலையும் சில மீட்டர் உயரமே இருக்கும் எனுமளவுக்கு அவை சீராக உருட்டப்பட்டிருந்தன. நையோபியம் பூசப்பட்ட இக்கோளங்கள் மீப்பாய்ம ஹீலியத்தினால் சுமார் 1.8 கெல்வின் வெப்பநிலையில் வைக்கப்பட்டன. அவ்வெப்பநிலையில் மீக்கடத்தியாகும் நையோபியம் சுழலும்போது, சுழலச்சின் திசையிலேயே மிக மெல்லிய காந்தப்புலம் தோன்றும். அதனை அளந்து அச்சின் திசை அறியப்பட்டது. ஐ.எம். பெகாசி என்னும் விண்மீன் ஒப்புநோக்குத் திசையாகக் கொள்ளப்பட்டது.

எதிர்பார்க்கப்பட்ட சட்டக இழுவை ஆண்டுக்கு 39.2 மில்லி வில்நொடி. இவ்வேகத்தில் அச்சு ஒரு முழுச் சுற்று திரும்ப 3.3 கோடி ஆண்டுகள் ஆகும். இதனை 1 விழுக்காடு துல்லியத்துடன் அளப்பதே நோக்கமாக இருந்தது. ஆனால் கோளங்களின் பரப்பிலும் அவற்றின் உறைகளிலும் எதிர்பாராத மின்னழுத்தத் திட்டுகள் இருந்தமை பின்னர் தெரியவந்தது. அவை உண்டாக்கிய முறுக்குவிசைகள், தேடப்பட்ட விளைவைவிடப் பெரிய திருப்பங்களைத் தோற்றுவித்தன. அளவீடு 2005 இல் நிறைவுற்ற பின் இத்திருப்பங்களைக் கணித்து நீக்கவே பல ஆண்டுகள் தேவைப்பட்டன. 2008 இல் நாசாவின் மதிப்பாய்வுக் குழு இத்திட்டத்துக்குக் குறைந்த தரவரிசையே அளித்தது. தனியார் நன்கொடையும் சவூதி அரேபிய நிதியுதவியும் பெற்று ஆய்வுக் குழு பணியைத் தொடர்ந்தது.

2011 இல் வெளியான இறுதி முடிவுகள் பின்வருமாறு:

டி சிட்டர் விளைவு: ஆண்டுக்கு 6,601.8 மில்லி வில்நொடி, பிழை 18.3, கோட்பாடு கூறுவது 6,606.1.

சட்டக இழுவை: ஆண்டுக்கு 37.2 மில்லி வில்நொடி, பிழை 7.2, கோட்பாடு கூறுவது 39.2.

சட்டக இழுவையில் பிழை சுமார் 19 விழுக்காடு. இலக்காகக் கொண்ட துல்லியம் எட்டப்படவில்லையெனினும், முற்றிலும் வேறான முறையில் இவ்விளைவு உறுதி செய்யப்பட்டது.

லாரெஸ் துணைக்கோள்கள்

இத்தாலிய விண்வெளி முகமையின் லாரெஸ் 2012 பிப்ரவரி 13 அன்று வேகா ஏவுகலத்தின் முதல் பயணத்தில் ஏவப்பட்டது. வளிமண்டல உராய்வும் சூரிய ஒளியின் அழுத்தமும் குறைவாகப் பாதிக்கும்பொருட்டு இது டங்ஸ்டன் கலப்புலோகத்தால் செய்யப்பட்டது. விட்டம் 36.4 சென்டிமீட்டர் மட்டுமே. நிறையோ ஏறத்தாழ 387 கிலோகிராம். லேஜியோஸ்களுடன் இதனையும் இணைத்து 2019 இல் வெளியான ஆய்வு, சுமார் 2 விழுக்காடு துல்லியத்தில் கோட்பாட்டுடன் ஒத்துப்போனது.

2022 ஜூலை 13 அன்று லாரெஸ் 2 ஏவப்பட்டது. இதன் பாதை லேஜியோஸின் பாதைக்கு ஏறத்தாழ அதே உயரத்தில் உள்ளது. இரண்டின் சாய்வுகளையும் கூட்டினால் 180 பாகை வரும். இவ்வமைப்பில் பூமியின் புடைப்பினால் உண்டாகும் பெயர்ச்சிகள் சம அளவிலும் எதிரெதிர்த் திசையிலும் அமைவதால், இரு கணுப்பெயர்ச்சிகளையும் கூட்டும்போது அவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். சட்டக இழுவை மட்டும் இரட்டிக்கும். சியுஃபோலினி 1980களிலேயே முன்வைத்த இக்கருத்து இவ்வாறு செயலுக்கு வந்தது.

விண்வெளிப் பொருள்கள்

தெற்கு வானிலுள்ள ஒரு துடிவிண்மீன், வெண்குறுமீன் ஒன்றுடன் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் சுற்றி வருகிறது. இவ்விணையை ஆஸ்திரேலியத் தொலைநோக்கிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்காணித்தன. அவற்றின் சுற்றுப்பாதைத் தளம் மெல்லத் திரும்புவதையும், வேகமாகச் சுழலும் வெண்குறுமீனின் சட்டக இழுவை அதில் முக்கியப் பங்கு வகிப்பதையும் விவேக் வெங்கட்ராமன் கிருஷ்ணன் தலைமையிலான குழு 2020 இல் அறிவித்தது. வெண்குறுமீன் 200 நொடிகளுக்கும் குறைவான காலத்தில் ஒருமுறை சுழல்கிறது என்பதும் இதிலிருந்து பெறப்பட்டது.

எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பாயும் தாரை, சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை திசை ஊசலாடுவதாக 2023 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கருந்துளையின் சுழலச்சுக்குச் சாய்வாக அமைந்த வளிம வட்டைச் சட்டக இழுவை திருப்புவதே இதற்குக் காரணம் என விளக்கப்படுகிறது.

கருத்து வேறுபாடுகள்

லேசர் முறையில் பெறப்பட்ட முடிவுகளின் பிழை மதிப்பீடு குறித்து விவாதம் நிலவியது. பூமியின் ஈர்ப்புப் புல வரைபடங்களில் உள்ள பிழைகள் முழுமையாகக் கணக்கில் கொள்ளப்படவில்லை என்றும், உண்மையான பிழை கூறப்பட்டதைவிடப் பெரியது என்றும் லொரென்சோ இயோரியோ முதலியோர் வாதிட்டனர். ஆய்வுக் குழுவினர் இதனை மறுத்தனர். இவ்விவாதம் விளைவு உண்டா இல்லையா என்பதைப் பற்றியதன்று. எவ்வளவு துல்லியமாக அது அளக்கப்பட்டுள்ளது என்பதைப் பற்றியது. ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கைப் பிரித்தெடுக்கும் அளவீட்டில், விடையைப் போலவே பிழையின் மதிப்பும் முக்கியமானது.

சட்டக இழுவை மாக்கின் கருத்தை முழுவதும் மெய்ப்பிக்கிறதா என்பது மற்றொரு கேள்வி. சுழலும் நிறை நிலைமச் சட்டகத்தை இழுக்கும் என்னும் அளவில் மாக்கின் எண்ணம் பொதுச் சார்புக் கோட்பாட்டில் இடம் பெறுகிறது. ஆயினும் பருப்பொருள் எதுவும் இல்லாத வெற்றுக் காலவெளியையும் அக்கோட்பாட்டின் சமன்பாடுகள் ஏற்கின்றன. அதிலும் சுழல்காட்டியின் அச்சு குறிப்பிட்ட திசையில் நிற்கும். எனவே நியூட்டனின் வாளி எழுப்பிய கேள்விக்கு மாக் விரும்பிய விடையின் ஒரு பகுதியையே பொதுச் சார்புக் கோட்பாடு தருகிறது.